கோதுமை இல்லாத தைலம்

"முட்டியில தேய்க்கத்தானே கேக்குறே பெரிம்மா? இல்ல, பூரி சுடப் போறியா?"

மருந்துக்கடை ராபின் கேட்டதும் கடைமுன் நின்ற கூட்டம் சிரித்தது. காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் விடும் நேரம். சிரிப்பதற்கு ஆள் பஞ்சமில்லை.

செங்கம்மாள் கூசிப்போனாள். கம்பெனி கேன்டீனில் நாள் முழுக்க தோசை ஊற்றி, நின்று நின்று வலிக்கிற கால்கள். அந்த வலியே தேவலை போலிருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"சிரிச்சிக்கோ நைனா. கோதுமை கலக்காததா பார்த்துக் குடு. எனக்குப் படிக்கத் தெரியாது."

"தைலத்துல எவன் கோதுமை போடுவான்? பேஜாரு பண்ணாதே. இந்தா, இதுதான் நல்லா போவுது."

"அட்டையைப் படி."

சலித்துக்கொண்டே படித்தவனுக்குப் பாதியில் குரல் இறங்கியது. "கோதுமை முளை எண்ணெய்... இருக்குது பெரிம்மா."

ராபின் வேறு நான்கு டப்பாக்களை எடுத்து வைத்து, பரீட்சைக்குப் படிப்பவன் போலப் படிக்க ஆரம்பித்தான்.

"உனக்கு கோதுமை ஆவாதா?"

"என் மருமவ புவனாவுக்கு. துளி வவுத்துக்குள்ள போனாலும் கொடலு புண்ணாயிடும்னு டாக்டர் சொல்லிக்கிறாரு."

"அப்போ முட்டிவலி?"

"எனக்கு. அவதான் தெனம் தேய்ச்சி வுடுறா. கழுவுனாலும் நக இடுக்குல ஒட்டிக்கினு இருக்குமே. அந்தக் கையாலதானே சாப்புடணும்."

பின்னால் நின்ற மெர்சி பெருமூச்சு விட்டாள். "எங்க ஊட்லயும் ஒரு மாமியார் கீது. காய்ச்சல்ல படுத்தாக்கூட நடிப்புன்னு சொல்லும். உன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்க்கா."

கூட்டம் சிரித்தபோதும் நகராமல் நின்ற செங்கம்மாள், இப்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

ராபின் பச்சை டப்பா ஒன்றை நீட்டினான். "இதுல இல்ல. ரெண்டு தபா பார்த்துட்டேன்."

"இன்னொரு தபா பாரு நைனா."

நோய் நிஜமா நடிப்பா என்று பார்த்துவிட, போன மாதம் மருமகளின் தோசை மாவில் ஒரு கை கோதுமை மாவைக் கலந்தவள் அவள்தான். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த புவனா, என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓட்டல் பரோட்டா சார்" என்றாள். வீடு திரும்பிய அன்றே தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து மாமியாரின் காலடியில் உட்கார்ந்தாள்.