சுவருக்கு வெளியே ஒரு தெரு

நகராட்சியின் முடிவுகளை, ஊர்மக்கள் மேசை மேசையாக உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதைகளே எடுத்துவிடும் காலம் அது. முந்நூறு மேசைகளிலும் ஒரே கதைதான். பெரும்பாலான மேசைகள் எதைச் செய்கின்றனவோ அதுவே உத்தரவு. எந்தத் தெருவைப் பற்றிய கதை என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியக்கூடாது.

கதையை எழுதும் பிலோமினாவுக்குத் தெரியும். இந்த மாதக் கதையில், கடல் அரக்கியைத் தடுக்க ஒரு சுவர். குப்பத்தை அதற்கு வெளியே விட்டுவிடுவதா, சுவரே வேண்டாமா? முடிவுத்தாளில் இரண்டே கட்டங்கள். கதையில் வரும் அந்தக் குப்பம் உண்மையில் கடலோரத்தில் அவள் குடியிருக்கும் தெரு. வாய் திறந்தால் வேலை போய்விடும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தே கணவர் சூசை, வீட்டைக் காலி செய்யப் பீரோவை வாசல்வரை இழுத்து வைத்திருந்தார்.

ஞாயிறு மாலை தாள்கள் அலுவலகத்துக்கு வந்தன. பாதிக்கு மேற்பட்ட மேசைகள் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்கவில்லை. ஓரத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: "குப்பத்தையும் உள்ள சேத்து சுவரை வளைச்சுக் கட்டுவோம். கல்லை நாங்களே சுமக்கிறோம்."

பெரும்பான்மை எழுதியதால் இனி அதுவே உத்தரவு. பிலோமினா வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பீரோவை உள்ள தள்ளுங்க."

"நெசமாவா?"

"ஆமாங்க. அப்படியே பெரிய அண்டாவைக் கழுவி வைங்க. கல்லு சுமக்க ஆயிரம் பேரு வர்றாங்க. டீ நாமதான் போடணும்."