இறக்காத குடம்

சேந்தமங்கலத்து மலையடிவாரக் கிணற்றில் நீர் இறைத்து நிரப்பிய குடத்தை இடுப்பில் ஏற்றியபோது, பழனியம்மாளுக்கு உள்ளம் கொதித்தது.

“பத்து நாளா ஊட்டுக் குழாயில சொட்டுத் தண்ணி இல்லீங்க அக்கா. காய்ச்சல்ல கெடக்கற புள்ளைக்குக் கஞ்சி வெக்கோணும்.”

“அந்தச் சொகுசு விடுதிக்காரன் ஆயிரம் அடி போர் போட்டு நீச்சல்குளத்துக்கு உறிஞ்சறானே! நம்ம குழாயில காத்துதான் வரும்” என்றாள் உடன் இறைத்த ஆத்தாயி.

அப்போது விடுதி மேலாளர் நந்தகுமார் கைதட்டிக்கொண்டே வந்தார்.

“விருந்தாளிங்க போட்டோ எடுத்தாச்சுங்க அக்கா. தண்ணியைக் கிணத்துலயே ஊத்திட்டு மறுபடி இறைங்க. கிராமத்து வாழ்க்கையைப் பாக்க அடுத்த பஸ் வந்துருச்சு.”

பழனியம்மாள் குடத்தை இறக்கவில்லை. விடுதியின் வெளிவாயிலை நோக்கி நடந்தாள்.

“வெளிய போனா வேலை போயிருமுங்க!” என்றார் நந்தகுமார்.

“போகட்டும் சாமி! உங்க போட்டோவுக்கு நூறு குடம் தூக்கிட்டேன். இந்த ஒரு குடம் எம்புள்ளைக்கு.”