படத்தில் இருந்த நாற்காலி

சமையலறை ஜன்னலில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. வாஷிங் மெஷின் கடகடவென்று அதிர்கிறது. தரை துடைக்கும் வட்ட மெஷின் அடுப்பருகே நிற்கும் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சிறுவயதில் பள்ளியில் வருங்கால வீட்டை வரையச் சொன்னபோது, தானாக வேலை செய்யும் இந்த மெஷின்களையெல்லாம் அவள் அப்படியே வரைந்திருந்தாள். நடுவே ஒரு நாற்காலியில், கால்மேல் கால் போட்டபடி அம்மா. "அடுப்படியில ஏதுடி நாற்காலி?" என்று படத்தைப் பார்த்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மெஷின்கள் ஒன்று விடாமல் வந்து சேர்ந்துவிட்டன. இன்று என்ன தோன்றியதோ, கூடத்து நாற்காலியை இழுத்துவந்து அடுப்புக்கு எதிரே போட்டு உட்கார்கிறாள். கால்மேல் கால் போடக்கூட இல்லை. தண்ணீர் குடிக்க வந்த கணவர் பதறிப்போகிறார். "என்னாச்சு, உடம்புக்கு முடியலையா?" "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லும்போதே அவள் எழுந்து கரண்டியை எடுத்துவிடுகிறாள். தரை துடைக்கும் மெஷின் இப்போது காலி நாற்காலியைச் சுற்றி வருகிறது.