கயிற்றைப் பிடித்தவர்

"நீங்க என்ன செய்வீங்க?"

ஜெயசித்ரா கேட்டுவிட்டாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் செல்லச்சாமி நாலாவது ஞாயிறாகப் பாவூர்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி, தென்காசியில் இந்த மாடி அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மகள் ஜெயசித்ரா அவரிடம் பேசி இரண்டு வருஷம். போனை எடுப்பதில்லை. அவர் அன்றைக்குப் பேசிய பேச்சு அப்படி.

ஆனால் ஞாயிறுதோறும் இங்கே நடக்கிற, யாரும் வந்து சேரலாம் என்கிற இந்தக் கதை விளையாட்டில் கதை சொல்கிறவள் அவள். மேசையைச் சுற்றி இருக்கிற ஒவ்வொருவரும் கதையில் ஓர் ஆள். முறை வரும்போது அவரிடமும் அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மார்க்கெட்டில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர், கதையிலும் சுமைகாரர்தான். வேறு வேலை தெரியாது.

இப்போது கதையில் வெள்ளம். எதிரே இருந்த எபனேசர் உருட்டிய பகடையில், இருப்பதிலேயே மோசமான எண்ணான ஒன்று விழுந்துவிட்டது. அவனுடைய ஆள் பாலத்திலிருந்து வழுக்கி, கயிற்றில் தொங்குகிறான்.

"நம்ம குத்தாலம் அருவி மாதிரி, தண்ணி கூடுதுன்னு விசிலடிக்க ஒரு போலீஸ்காரன்கூட இல்லியா இங்கன?" என்றாள் பக்கத்தில் இருந்த ஹஸீபா.

இன்னொருவர் தன் ஆளைச் சாகக் கொடுத்தால் தொங்குகிறவன் பிழைப்பான். கொடுத்தவர் எழுந்து போக வேண்டியதுதான் என்று செல்லச்சாமி நினைத்திருந்தார். அப்புறம் அவள் எதுவும் கேட்கமாட்டாள்.

மூன்று ஞாயிறும் பார்க்காத எபனேசரின் முகத்தை இன்றைக்குப் பார்த்தார்.

"கயித்த நான் பிடிச்சுக்கிடுதேன். அவன மேல ஏறச் சொல்லு. பெறவு வெள்ளம் என்னையக் கொண்டு போவட்டும்."

அந்தச் சாவை ஜெயசித்ரா நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

செல்லச்சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஒக்காருங்க," என்றாள் ஜெயசித்ரா.

விளையாட்டில் செத்தவர் வேறோர் ஆளாகத் திரும்பி வரலாம் என்பது அவருக்குத் தெரியாது. அவள் புதுத் தாளை எடுத்தாள். பெயர் கேட்டாள், தொழில் கேட்டாள். கடைசியாக, புதிதாக வரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

"இங்க இருக்கவங்கள்ல ஒங்களுக்கு யாரு சொந்தம்?"

அவர் எபனேசரைக் காட்டினார்.

"இவரு என் மருமவன்."

பேனா நின்றது. எபனேசரும் ஜெயசித்ராவும் மாலையோடு வந்து நின்ற அன்றைக்கு, அவர் வாயிலிருந்து வர மறுத்த சொல்.

"அப்பம் அண்ணாச்சிக்கு ஒரு மவளும் வேணுமே," என்றாள், விவரம் தெரியாத ஹஸீபா.

ஜெயசித்ரா தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"மவ இருக்கா. சாப்பிட்டுட்டுத்தான் போவணும்னு சொல்லுதா."