அளவுக்கு மேல் ஈயம்

"உங்க சிறுநீர்ல ஈயம் அளவுக்கு மேல இருக்கு. வேலைய மாத்தித்தான் ஆகணும்" என்றார் டாக்டர்.

பேட்டரி கம்பெனியில் ஈயம் உருக்கும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இருக்கவே முடியாது சார்!"

"ரெண்டு தடவை பார்த்தாச்சு. பயப்படாதீங்க. நான் குடுக்கிற மாத்திரை ஈயத்தைப் பிடிச்சுக் கட்டி, சிறுநீரோட வெளிய தள்ளிடும்."

"ஈயத்தையே தொடாதவங்களுக்கு எப்படி சார் உள்ள போகும்?"

"பதினோரு வருஷமா அதுலயே புரள்றீங்க, நீங்களா தொடாதவரு?" டாக்டர் சிரித்தார். "தொடவே வேணாம், தூசி போதும். உங்க வேலைத் துணிய உதறித் துவைக்கிறவங்களுக்குக்கூடப் போகும்."

அவன் முகம் வெளுத்தது. அந்தத் துணியைத் தினமும் உதறுகிறவள் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

"சார், நான் குடுத்த சிறுநீர் என்னோடது இல்ல. வேலை போயிடுமோன்னு பயந்து, என் வீட்டுக்காரியோடதைக் குடுத்துட்டேன்."

டாக்டரின் சிரிப்பு நின்றது. "முதல்ல அவங்களைக் கூப்பிடுங்க. உங்களுக்கும் இன்னிக்கே டெஸ்ட்."

அவன் கதவைத் திறந்ததும் அவள் பதறி எழுந்தாள். "வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"வேலை கிடக்கட்டும். நீ உள்ள வா" என்று அவள் கையைப் பிடித்தான்.