நாலு டன் பத்தாது

பொத்தேரியில் அங்காளம்மாவின் டிபன் கடையில், அவள் தந்த டீயோடு காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தான் ஹேமநாத். புதிதாகக் கட்டிய மாடி ஹாலுக்கு ஏசி ஆர்டர் வாங்காமல் திரும்பினால் அவனுக்கு வேலை இருக்காது.

"நாலு டன் தாராளம்க்கா. கஸ்டமர் சுகமா உக்காந்து சாப்பிடலாம்."

"பத்தாது. ஜாஸ்தி போடு."

"ஆறு?"

"வெடவெடன்னு நடுங்கணும் தம்பி."

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு இவளே புகார் சொன்னால்?

"மாடியில மீன் வைக்கப் போறீங்களா?"

"மீனுக்கு ஐஸ் கீது. இது மனுசங்களுக்கு."

"எட்டு டன் போட்டா ஒருத்தரும் பத்து நிமிஷம் உக்கார முடியாதுக்கா!" பொறுக்க முடியாமல் கத்திவிட்டான்.

அங்காளம்மாவின் முகம் மலர்ந்தது.

"அதான் வோணும். காலேஜ் பசங்க ஒரு டீய வாங்கிகினு, லேப்டாப்பத் தொறந்து சாயங்காலம் வரிக்கும் குந்திகினு கீதுங்க. எழுந்து போங்கன்னா, கடையப் பத்தி நெட்டுல கண்டபடி எழுதுதுங்க. எட்டே போட்டுடு."

ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தவளின் பார்வை, அவன் முன்னால் எப்போதோ காலியாகிவிட்ட டீ கிளாஸில் போய் நின்றது.

ஹேமநாத் சட்டென்று எழுந்துகொண்டான்.