ஊஞ்சல் மரத்துக் கிண்ணம்

அன்று ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரப் பட்டறையில் இருந்தவர்கள் இருவர்தான்: மரம் கடையும் கிளைவ், அவருடைய அரட்டைத் துணை நார்ம்.

கடைசலில் சுற்றிய கிண்ணம் விரிசல் விட்டது. கிளைவ் எந்திரத்தை நிறுத்தினார்.

"போச்சா? நாளைக்கு மக கல்யாணத்துக்கு என்னத்தக் குடுப்பே?"

"இதத்தான். ஜெஸ் ஊஞ்சலாடின மரம்டா. சாப்பிடக் கூப்பிட்டா எறங்கவே மாட்டா."

விரிசலில் காப்பித்தூளைத் திணித்துப் பசை விட்டார். காய்ந்ததும் மெல்லக் கடைந்தார். ஒரு கருப்புக் கோடு மட்டும் மிஞ்ச, கிண்ணம் பிழைத்தது.

"ஒன் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவலாம்."

"சாயங்காலம் வாசல் வரைக்கும் வருவா. நீயே குடுத்துடு, நார்ம்."

"என்ன சொல்லட்டும்?"

"அப்பன் இப்பல்லாம் ராத்திரி நல்லாத் தூங்கறான்னு சொல்லு."

நார்ம் உளிகளை எண்ணிச் சரிபார்த்தார். கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிளைவை அவருடைய அறைக்குக் கூட்டிப்போனார். கிளைவ் உள்ளே நுழைந்ததும், வெளியிலிருந்து சிறைக்கதவைச் சாத்திப் பூட்டினார்.